ஜன்னல் சட்டமும் ஓமின் விதியும்

சென்னையில் புது வீடு கட்டுபவர் அலுமினிய ஜன்னல் வாங்கப் போனால், கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைப்பதுண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஒன்று முழுவதும் அலுமினியம். மற்றொன்றில் உள்பக்க அலுமினியத்துக்கும் வெளிப்பக்க அலுமினியத்துக்கும் நடுவே கறுப்பாக இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் செருகப்பட்டிருக்கும். "இது தெர்மல் பிரேக் போட்டது. சூடு உள்ளே வராது, கரண்டு மிச்சம்" என்பார் கடைக்காரர். விலையும் கணிசமாகக் கூடுதல். வாங்கலாமா, வேண்டாமா?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை காண, நீங்கள் பள்ளியில் படித்த ஓமின் விதியும் கொஞ்சம் பெருக்கல் கணக்கும் போதும். வாருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில் அந்தக் கறுப்புப் பட்டை செய்யும் வேலை என்ன? உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அலுமினிய பிரஷர் குக்கர் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அதன் கைப்பிடியை வெறுங்கையால் பிடிக்கிறோம். கைப்பிடி, வெப்பத்தை எளிதில் கடத்தாத பேக்கலைட்டினால் ஆனது. உலோகத்தின் வழியே ஓடிவரும் வெப்பத்துக்கு அங்கே ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது. ஜன்னல் சட்டத்திலும் இதே உத்திதான். வெளிச்சட்டமும் உள்சட்டமும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து, நடுவே கண்ணாடி இழை கலந்த பாலிஅமைடு என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக்கைச் செருகியிருக்கிறார்கள். வெப்பத்தடைப் பட்டை என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம்.

தடை எவ்வளவு என்பதைக் கடத்துதிறன் எண்களிலிருந்து அறியலாம். ஒரு மீட்டர் தடிமனுக்கு ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு நொடியில் பாயும் வெப்பமே கடத்துதிறன். ஜன்னல் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவைக்கு இது ஏறத்தாழ 200. தேக்கு போன்ற மரத்துக்கு ஏறத்தாழ 0.17. கண்ணாடிக்கு 1. பாலிஅமைடு பட்டைக்கு 0.3. அசையாத காற்றுக்கு 0.025 மட்டுமே. ஆக, அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது.

"அப்படியானால், மரச் சட்டத்தைவிட அலுமினியச் சட்டத்தின் வழியே ஆயிரம் மடங்கு வெப்பம் வீட்டுக்குள் நுழையும்" என்று சொல்லத் தோன்றும். என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலோர் இந்த விடையைத்தான் சொல்வார்கள். விடை தவறு. எங்கே தவறு என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் சுவையான பகுதி.

காற்றுப் போர்வை

மின்சுற்றில் மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. வெப்பத்தில் வெப்பநிலை வேறுபாடு வெப்ப ஓட்டத்தைச் செலுத்துகிறது. அங்கே மின்தடை, இங்கே வெப்பத்தடை. தடைகள் தொடரிணைப்பில் இருந்தால் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது விதி.

வெளியிலுள்ள வெப்பம் சட்டத்தின் வழியே அறைக்குள் வர மூன்று தடைகளைத் தாண்டியாக வேண்டும். சட்டத்தின் வெளிப்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் படிந்திருக்கிறது. அது முதல் தடை. சட்டம் இரண்டாவது. உள்பரப்பை ஒட்டிய காற்றுப் படலம் மூன்றாவது. பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் இவை: வெளிப்படலத்துக்கு 0.04, உள்படலத்துக்கு 0.13. (வெளியே காற்று வீசுவதால் போர்வை மெலிந்து, தடை குறைகிறது.) இரண்டும் சேர்ந்து 0.17.

இப்போது 5 செ.மீ. தடிமனுள்ள மரச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 0.05 ÷ 0.17, அதாவது 0.29. காற்றுப் படலங்களின் 0.17-ஐக் கூட்டினால் 0.46. அதே தடிமனுக்கு அலுமினியத்தின் தடை 0.05 ÷ 200 = 0.00025. இது ஏறத்தாழ ஒன்றுமேயில்லை. மொத்தத் தடை 0.17 என்றே நிற்கிறது.

மொத்தத் தடையின் தலைகீழ்தான் யு-மதிப்பு. ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் வெப்பம் பாயும் என்பதை இது சொல்லும். மரத்துக்கு 1 ÷ 0.46 = 2.2. அலுமினியத்துக்கு 1 ÷ 0.17 = 5.9. ஆயிரம் மடங்கு எங்கே, மூன்று மடங்குகூட இல்லாத இந்த வேறுபாடு எங்கே! ஒரு சுற்றில் 0.17 ஓம் தடை இருக்கும்போது, அதோடு கம்பியின் தடையாக 0.00025 சேர்ந்தால் என்ன, 0.0001 சேர்ந்தால் என்ன? சுற்றை ஆள்வது பெரிய தடைதான். அலுமினியச் சட்டத்தில் காற்றுதான் அந்தப் பெரிய தடை. உண்மையான சட்டம் கட்டியாக இல்லாமல் உள்ளே வெற்றிடம் விட்ட செக்‌ஷனாக இருக்கும். அதன் மேடுபள்ளங்கள் காற்றில் படும் பரப்பைக் கூட்டுவதால் யு-மதிப்பு 6 அல்லது 7 வரைகூடப் போகலாம். நாம் 5.9 என்றே வைத்துக்கொள்வோம்.

வெப்பத்தடைப் பட்டை செருகினால் இந்த மதிப்பு வடிவமைப்பைப் பொறுத்து 3.5 முதல் 2.5 வரை இறங்கும். பட்டை அகலமானால் இன்னும் இறங்கும். குளிர்நாடுகளில் பட்டைகளுக்கு நடுவே நுரைப்பிளாஸ்டிக்கும் அடைத்து 2-க்குக் கீழேயும் கொண்டுபோகிறார்கள்.

பட்டை பிறந்த கதை

இந்தப் பட்டை கோடைக்காகப் பிறந்ததன்று. குளிருக்காகப் பிறந்தது. 1973-ஆம் ஆண்டு இறுதியில் பெட்ரோலிய விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆயிற்று. வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்துவந்த ஐரோப்பிய நாடுகள் திகைத்துப்போயின. மேற்கு ஜெர்மனி 1977-இல் கட்டடங்களின் வெப்ப இழப்புக்கு வரம்பு விதித்து ஆணை பிறப்பித்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பட்டை செருகிய அலுமினியச் சட்டங்கள் அங்கே பரவலாயின. அமெரிக்காவில் வேறொரு வழி: அலுமினியச் சட்டத்திலுள்ள ஒரு பள்ளத்தில் திரவப் பாலியூரித்தேனை ஊற்றி இறுகவிட்டு, பிறகு பள்ளத்தின் அடியிலுள்ள அலுமினியத்தை அறுத்து எடுத்துவிடுவார்கள். இரு துண்டுகளையும் பிளாஸ்டிக் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். எளிய, அழகான தந்திரம்!

அங்கே எண்ணெய்ச் செலவு மட்டும் தொல்லையன்று. வெளியே -10 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 30 டிகிரி. உள்படலத்தின் தடை மொத்தத் தடையில் எந்தப் பங்கோ, அந்தப் பங்கு வெப்பநிலை வீழ்ச்சி அங்கேயே நிகழ்ந்துவிடும். இதுவும் தொடரிணைப்பு விதிதான். 30 × 0.13 ÷ 0.17 = 23. ஆக, வெறும் அலுமினியச் சட்டத்தின் உள்பரப்பு 20 - 23 = -3 டிகிரியில் இருக்கும். அறையில் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 9 டிகிரி. எனவே அறைக் காற்றிலுள்ள ஈரம் சட்டத்தின்மேல் நீராகப் படிந்து, உறைந்தும் போகும். பகலில் உருகி வழிந்து சுவர் ஊறும், பூஞ்சை பிடிக்கும். யு-மதிப்பு 2 உள்ள சட்டத்தில் வீழ்ச்சி 30 × 2 × 0.13 = 7.8 டிகிரிதான். உள்பரப்பு 12 டிகிரியில் நின்று உலர்ந்திருக்கும். இத்தகைய இடங்களில் வெப்பத்தடைப் பட்டை இன்றியமையாதது.

சென்னைக்கு வருவோம்

இனி நம் ஊர்க் கணக்கு. 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள ஒரு ஜன்னல். பரப்பு 1.44 சதுர மீட்டர். இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.29 சதுர மீட்டர் சட்டம், மீதி 1.15 சதுர மீட்டர் கண்ணாடி. மே மாதப் பிற்பகல். வெளியே 38 டிகிரி, குளிரூட்டப்பட்ட அறைக்குள் 25 டிகிரி. வேறுபாடு 13 டிகிரி. ஜெர்மனியின் 30 டிகிரியோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். நமக்கு வெயில் கடுமையாகப் படுவதால் வேறுபாடும் பெரிதென்று நினைத்துவிடுகிறோம்.

வெறும் அலுமினியச் சட்டத்தின் வழியே வரும் வெப்பம்: 0.29 × 5.9 × 13 = 22 வாட். பட்டை செருகி யு-மதிப்பு 3 ஆக்கினால் 11 வாட். மிச்சம் 11 வாட். ஓர் எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்திறன் அளவுதான்.

இதை மின்கட்டணத்துக்கு மாற்றுவோம். ஓர் ஏ.சி. எந்திரம் ஒரு வாட் மின்சாரத்தைக் கொண்டு சுமார் மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்றும். எனவே 11 வாட் வெப்பத்துக்கு 3.7 வாட் மின்சாரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஏ.சி. ஓடினால் 1,600 மணி. பெருக்கினால் ஏறத்தாழ 6 யூனிட். ஆண்டு முழுவதற்கும் ஆறே யூனிட்! அதுவும் 13 டிகிரி வேறுபாடு எப்போதும் இருப்பதாக வைத்துக்கொண்டால்தான். இரவில் வேறுபாடு அதில் பாதிகூட இராது. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து ஆறு யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்து, கடைக்காரர் கேட்கும் கூடுதல் விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்த ஜன்னலருகே உட்கார முடியாதபடி சூடு எங்கிருந்து வருகிறது? மேற்கு நோக்கிய ஜன்னல் என்று கொள்வோம். மாலை நான்கு மணிக்குச் செங்குத்தான அந்தப் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் சூரியக் கதிர்வீச்சு விழும். சாதாரணக் கண்ணாடி அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விட்டுவிடும். 500 × 0.8 × 1.15 = 460 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளிவிடும் வெப்பம் சுமார் 100 வாட். அறையில் கண்ணுக்குத் தெரியாத நாலரைப் பேர் வந்து உட்கார்ந்தாற்போல! கண்ணாடியின் வழியே கடத்தலால் வருவது 1.15 × 5.7 × 13 = 85 வாட். இந்த இரண்டின் முன்னே சட்டத்தின் 22 வாட் சின்னப் பிள்ளை.

சட்டத்தின்மேலும் வெயில் விழுகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கறுப்புச் சட்டம் விழும் கதிர்களில் 90 விழுக்காட்டை உறிஞ்சும். 500 × 0.9 × 0.29 = 130 வாட். இந்த வெப்பத்துக்கு இரண்டு வழிகள்: 0.04 தடையுள்ள வெளிவழி, 0.13 தடையுள்ள உள்வழி. பக்க இணைப்பில் மின்னோட்டம் பிரிவதுபோல் பிரிந்து, 0.04 ÷ 0.17 பங்கு, அதாவது கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக, 31 வாட் உள்ளே வரும். பட்டை செருகினால் இது 16 வாட்டாகும். ஆனால் பட்டையே இல்லாமல், சட்டத்தை வெள்ளை நிறத்தில் வாங்கினால் உறிஞ்சுவது 30 விழுக்காடளவுதான். உள்ளே வருவது 10 வாட். கறுப்புச் சட்டம் இப்போது நாகரிகமாகிவிட்டது. வெள்ளைச் சட்டத்துக்குக் கூடுதல் விலை கிடையாது. எனக்கென்னவோ வெள்ளைதான் அழகாகத் தெரிகிறது!

இன்னொரு திருடன் இருக்கிறான். அது ஜன்னல் இடுக்கு. இரு பக்கமும் நகரும் ஸ்லைடிங் ஜன்னலில் பலகைகள் உரசாமல் ஓடுவதற்காக இடைவெளி விட்டு, அதில் பிரஷ் போன்ற பட்டையை ஒட்டியிருப்பார்கள். அது தேய்ந்துபோனால் காற்று தாராளமாக நுழையும். மணிக்கு 10 கனமீட்டர் காற்று நுழைவதாகக் கொள்வோம். அதன் நிறை 12 கிலோகிராம். அதை 13 டிகிரி குளிர்விக்க 43 வாட் தேவை. அதோடு முடியவில்லை. சென்னைக் கடற்காற்றில் கிலோவுக்குச் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். குளிர் அறையில் 11 கிராம். மிகுதியான 9 கிராமையும் ஏ.சி. எந்திரம் நீராக்கி வெளியேற்றியாக வேண்டும். ஏ.சி.யின் பின்குழாயில் சொட்டுவது இந்த நீர்தான். மணிக்கு 108 கிராம் நீராவியின் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிட்டால் 73 வாட் வரும். இரண்டும் சேர்ந்து 116 வாட். சட்டத்தின் பட்டை மிச்சப்படுத்தும் 11 வாட்டைப்போல் பத்து மடங்கு, ஒரு தேய்ந்த பிரஷ் பட்டையால் வீணாகலாம்.

ஆகவே சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ஜன்னலுக்கென்று கையிலிருக்கும் பணத்தை முதலில் நிழலுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. அதுவும் வெளிப்புற நிழல். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட கதிரைத்தான் தடுக்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். மூங்கில் தட்டியை வெளியே கட்டினால் கதிர் கண்ணாடியையே அடையாது. உச்சிவெயிலுக்குக் கான்கிரீட் சன்ஷேடு போதும். மேற்கு வெயில் தாழ்வாக, சன்ஷேடின் அடியில் புகுந்து வருவதால் அதற்குத் தட்டியோ மரமோதான் துணை. வடக்கு ஜன்னலையும் முற்றிலும் மறந்துவிடக் கூடாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

அடுத்தது, ஜன்னல் திறக்கும் விதம். வருடம் முழுவதும் ஏ.சி. ஓடும் வீடுகள் எத்தனை? மாலைக் கடற்காற்று வீசும்போது ஜன்னலைத் திறப்பதே மிகச் சிறந்த சிக்கனம். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலில் பாதிப் பரப்புதான் திறக்கும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் ஏறக்குறைய முழுதும் திறக்கும். மூடினால் ரப்பர் கேஸ்கட் அழுந்தி இடுக்கும் அடைபடும். வெளியே கிரில் கம்பியும் கொசுவலையும் எப்படி வைப்பது என்று பட்டறைக்காரர் முனகுவார். முனகட்டும். மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. அதே தொகுப்பு, சுவர், ஜன்னல் வழியே கடத்தலால் வரும் வெப்பத்தையும் கண்ணாடி வழியே நுழையும் சூரிய வெப்பத்தையும் கூட்டி, சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. குளிர் மண்டலத்துக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. அங்கே யு-மதிப்புக்கே வரம்பு, 1.8. விதியை எழுதியவர்களும் நாம் போட்ட கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பட்டை நம் ஊரில் வீண்தானா? அப்படியும் சொல்ல மாட்டேன். நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறைக்கு, நல்ல நிழலும் அமைத்து, கதிர்களைத் திருப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியும் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். கண்ணாடியின் யு-மதிப்பு 1.8 ஆனால் அதன் வழியே வரும் கடத்தல் வெப்பம் 85-லிருந்து 27 வாட்டாகக் குறைந்துவிடும். இப்போது சட்டத்தின் 22 வாட் அதற்குச் சமமாக எழுந்து நிற்கிறது. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கான சட்டம், வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவருகிறது. அந்த நிலையில் பட்டைக்குச் செலவிடுவது பொருத்தம். விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடியை வெறும் அலுமினியச் சட்டத்தில் மாட்டுவதும், வெயிலில் நிழலே இல்லாத ஜன்னலுக்குப் பட்டைச் சட்டம் வாங்குவதும் எனக்கு ஒரே வகைப் பிழையாகத் தோன்றுகின்றன.

வாங்குவது என்று முடிவு செய்தால் பட்டை எதனால் ஆனது என்று கேளுங்கள். அலுமினியத்தின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000023. கண்ணாடி இழை கலந்த பாலிஅமைடு இதற்கு நெருக்கமாக விரியும்; இழை கலப்பதே அதற்காகவும் உறுதிக்காகவுந்தான். விலை குறைவு என்று பி.வி.சி. பட்டையைச் செருகினால், அது அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு விரியும். 80 டிகிரியை நெருங்கினால் இளகவும் தொடங்கும். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பிடிமானம் தளர்ந்துபோகும். "யு-மதிப்பு என்ன, சட்டத்துக்கா, கண்ணாடிக்கா, முழு ஜன்னலுக்கா?" என்றும் கேளுங்கள். கண்ணாடியின் எண்ணை மட்டும் காட்டி ஜன்னலை விற்பது எளிது. கடலோரத்தில் இருப்பவர்கள் திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டு ஜன்னல் இடுக்கை இன்றே சோதிக்கலாம். காற்றடிக்கும் நேரத்தில் ஜன்னலை மூடித் தாழிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரையை ஒதுக்கிவைத்து, ஓர் ஊதுவத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் இடுக்கு இல்லை. வளைந்து உள்நோக்கி ஓடும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு பலகைகளும் நடுவில் சந்திக்கும் இடத்தின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் மறவாமல் பாருங்கள்.

இனி ஒரு கணக்கு உங்களுக்கு. லடாக்கில் லே நகரின் ஒரு வீடு. குளிர்கால இரவு, வெளியே -15 டிகிரி, அறைக்குள் 18 டிகிரி. அறைக் காற்றின் பனிநிலை 7 டிகிரி. யு-மதிப்பு 5.9 உள்ள சட்டம் ஒன்று, 2.5 உள்ள சட்டம் ஒன்று. உள்படலத்தின் தடை 0.13. எந்தச் சட்டம் நனையும்? (விடை: முதல் சட்டத்தின் உள்பரப்பு -7.3 டிகிரி, இரண்டாவது 7.3 டிகிரி. முதலாவதில் பனி உறையும். இரண்டாவது மயிரிழையில் தப்பும். அடுப்பில் தேநீர் கொதித்துக் காற்றில் ஈரம் கூடினால் அதுவும் நனையும்.)